வயிற்றில் இருக்கும் குழந்தையின் உணவுக்குழாய் ஸ்கேனில் தெரியுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவிக்கு 21-வது வாரம். ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் மற்றதெல்லாம் சரி என்று எழுதிவிட்டு, கடைசியில் ‘இரைப்பை சிறியதாகத் தெரிகிறது, பனிக்குட நீர் இயல்பான அளவு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தேடியபோது ‘உணவுக்குழாய் அடைப்பு’ என்ற சொல் கண்ணில் பட்டிருக்கிறது. உணவுக்குழாயை நேரடியாகப் பார்க்க முடியும் என்றால் எங்கள் டாக்டர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. பிறந்த பிறகு குழந்தை பால் குடிக்குமா என்பதை யாராவது இப்போதே உறுதியாகச் சொல்லிவிட மாட்டார்களா என்பதுதான் அது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். கர்ப்பகால ஸ்கேன் பார்ப்பதே பல வருடங்களாக என் வேலை. ஆனால் உங்கள் ஸ்கேன் படங்களை நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதுவதை உங்கள் டாக்டரிடம் பேசுவதற்கான பின்னணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகப் பார்க்க முடியுமா என்றால், முடியும், ஆனால் எப்போதும் முடியாது. அந்தக் குழாய் சாதாரண நேரத்தில் சுருங்கி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஐந்தாம் மாதத்தில் அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். ஸ்கேனில் தண்ணீரும் ரத்தமும் கறுப்பாகத் தெரியும். நீரோ ரத்தமோ நிரம்பிய உறுப்புகளான இரைப்பை, மூத்திரப்பை, இதயம் எல்லாம் அதனால்தான் எளிதாகப் பிடிபடுகின்றன. உணவுக்குழாய்க்குள் தண்ணீர் நிற்பதில்லை. குழந்தை ஒரு வாய் விழுங்கும்போது ஓரிரு நொடி விரியும், உடனே மூடிக்கொள்ளும். மற்ற நேரத்தில் முதுகெலும்புக்கு முன்னால், மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய்க்கும் இதயத்தின் இடது மேலறைக்கும் நடுவில், ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு மூன்று வெள்ளைக் கோடுகளாகத்தான் தெரியும். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் முதுகெலும்பின் நிழல் விழுந்து அதுவும் மறைந்துவிடும். விலா எலும்பு நிழல் வேறு. அம்மாவின் வயிற்றுச் சதை தடிமனாக இருந்தால் படம் இன்னும் மங்கும்.

இதனால்தான் வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனில் உணவுக்குழாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று உலக அளவிலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. இரைப்பை இருக்கிறதா, இடப்பக்கம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. உங்கள் டாக்டர் அதைப் பார்த்து, சிறியதாக இருப்பதைக் கவனித்து, மறைக்காமல் எழுதியும் இருக்கிறார். குழாயைப் பார்க்கவில்லை என்பதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு வரியை எழுதியதற்காக அவர் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

அப்படியானால் குழாய் அடைத்திருப்பதை நாங்கள் எப்படித்தான் சந்தேகிக்கிறோம்? இரண்டு மறைமுக அடையாளங்களை வைத்து. குழந்தை மூன்றாம் மாதத்திலேயே பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கிவிடும். பிரசவம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் விழுங்கும். விழுங்கிய நீர் இரைப்பையில் ஒரு கறுப்புக் குமிழாகத் தெரியும். குழாய் அடைத்திருந்தால் குமிழ் இருக்காது, அல்லது மிகச் சிறியதாக இருக்கும். விழுங்கிக் குறைக்க வேண்டிய நீர் குறையாமல் தேங்குவதால் பனிக்குடத்தில் நீர் கூடும். நான்கு பக்கமும் அளந்து கூட்டினால் 25 செ.மீ.க்கு மேல், அல்லது ஒரே இடத்தில் 8 செ.மீ. ஆழமோ அதற்கு மேலோ இருந்தால் நீர் அதிகம் என்கிறோம். இந்த இரண்டாவது அடையாளம் பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். அதற்கு முன் நீரின் அளவைத் தீர்மானிப்பதில் குழந்தை விழுங்குவதற்குப் பெரிய பங்கில்லை. ஆகவே 21 வாரத்தில் ‘நீர் இயல்பு’ என்று எழுதியிருப்பது நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்து மட்டும் எதையும் தள்ளிவிட முடியாது.

இரைப்பை சிறியதாக இருப்பதன் பக்கமும் பார்க்க வேண்டும். இரைப்பை நிரம்பும், காலியாகும், மறுபடி நிரம்பும். காலியான நேரத்தில் நாம் ப்ரோபை (வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) வைத்திருந்தால் குமிழ் சின்னதாகத்தான் தெரியும். என் அறையில் இப்படி ஆனால் அம்மாவை எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்வேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பல பேருக்கு இரைப்பை நிரம்பி அழகாக உட்கார்ந்திருக்கும். நீர் இயல்பாக இருந்து, இரைப்பை சிறியதாகவாவது தெரிந்து, மற்ற உறுப்புகளிலும் குறையில்லை என்றால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. பல தடவை பார்த்தும், வாரக்கணக்கில் இரைப்பை தெரியவே இல்லை என்றால்தான் கவலை கூட வேண்டும். அப்போதும் காரணம் உணவுக்குழாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலண்ணம் பிளந்திருக்கலாம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை இருந்து இரைப்பை நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். நரம்பு, தசைக் கோளாறால் குழந்தைக்கு விழுங்கும் பலமே இல்லாமல் இருக்கலாம். பனிக்குட நீரே குறைவாக இருந்து, விழுங்க ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் மனைவி சாப்பிடாததாலோ தண்ணீர் குறைவாகக் குடித்ததாலோ குழந்தையின் இரைப்பை சிறுக்காது. ‘நீ ஒழுங்காச் சாப்பிடல, அதான் பிள்ளை வயிறு சின்னதா இருக்கு’ என்று மாமியார் சொல்லிவிட்டார் என அழுதுகொண்டே வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை விழுங்குவது அம்மா குடித்த தண்ணீரை அல்ல, தன்னைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரை. உணவுக்குழாய் அடைப்பே இருந்தாலும் அது உருவாவது கரு தரித்த நான்காவது, ஐந்தாவது வாரத்தில். ஒரே குழாயாக இருப்பது அப்போதுதான் மூச்சுக்குழாய், உணவுக்குழாய் என்று இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில் பிசகு நடக்கிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனித்து டெஸ்ட் பார்க்கும் நேரம் அது. யாரும் எதையும் செய்து அதை வரவழைப்பதில்லை.

இனி இந்த விஷயத்தில் எங்களுக்கே கஷ்டமான பகுதி. ஏறக்குறைய 3,000 முதல் 4,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்த அடைப்பு வருகிறது. அப்படிப் பிறப்பவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயின் மேல்பாதி முட்டுச்சந்தாக முடிந்திருக்கும், கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு போய் ஒட்டியிருக்கும். பனிக்குட நீரும் நுரையீரலில் சுரக்கும் நீரும் மூச்சுக்குழாய் வழியாக அந்தக் குறுக்குவழியில் இறங்கி இரைப்பைக்குப் போய்விடும். ஸ்கேனில் நாங்கள் தேடுவது இரைப்பைக் குமிழை. அது அங்கே இருக்கும். நீரும் அதிகமாகக் கூடாமல் இருக்கலாம். அதனால் இந்த வகை பெரும்பாலும் எங்கள் கண்ணில் படாமலே போகிறது. இப்படி ஒட்டு எதுவும் இல்லாமல் வெறும் அடைப்பு மட்டும் இருப்பவர்கள் நூற்றில் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு இரைப்பை தெரியாது, நீரும் நிறையக் கூடும், எனவே பெரும்பாலும் பிடித்துவிடுகிறோம். எல்லா வகையையும் சேர்த்தால், பிறப்பதற்கு முன்பே சந்தேகிக்கப்படுவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இரைப்பை சிறியது, நீர் அதிகம் என்ற இரண்டும் சேர்ந்திருந்தால்கூட, பிறந்த பிறகு அடைப்பு உறுதியாவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்.

எனக்கே இது நடந்திருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு 32-வது வாரம் ஸ்கேன் பார்த்தேன். இரைப்பை நன்றாகத் தெரிந்தது, நீர் கொஞ்சம் தாராளமாக இருந்தது, ஆனால் அளவுக்குள். ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பினேன். குழந்தை பிறந்து முதல் தடவை பால் கொடுத்ததும் இருமி, வாயில் நுரை தள்ளி, நீலம் பாய்ந்துவிட்டது. நல்லவேளையாக உடனே கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள், குழந்தை பிழைத்தது. அந்த அப்பா என்னைத் தேடி வந்து, கோபமே இல்லாமல், ‘நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே’ என்று மட்டும் கேட்டார். படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவற்றில் அடைப்பைக் காட்டும் எதுவும் இல்லை. ஆனாலும் நான் சொன்ன சொல் தவறு. அதன் பிறகு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று நான் சொல்வதில்லை. ‘இரைப்பை தெரிகிறது, நீர் சரியாக இருக்கிறது, இந்த அளவுக்குப் பார்க்க முடிந்தது’ என்று சொல்கிறேன்.

சந்தேகம் வந்த பிறகு நேரடி அடையாளத்தைத் தேடுவது எப்படி என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதன் மையம் அதுதான். முட்டுச்சந்தாக முடிந்த மேல்பாதிக்குள் குழந்தை விழுங்கிய நீர் போய் நிற்கும்போது, கழுத்திலோ நெஞ்சின் மேல் பகுதியிலோ ஒரு சின்னக் கறுப்புப் பை தெரியும். அது நிரம்பும், பிறகு வாய் வழியாகவே திரும்பிக் காலியாகும். ஒரு தடவை 31 வாரப் பெண் ஒருத்திக்கு நீர் மிக அதிகம், இரைப்பை ஒரு புள்ளி மாதிரி. குழந்தையின் கழுத்தில் ப்ரோபை வைத்துவிட்டு, அது விழுங்கட்டும் என்று காத்திருந்தேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. ‘என்ன மேடம் அங்கேயே பாக்கறீங்க?’ என்றாள். ‘பாப்பா ஒரு வாய் குடிக்கட்டும்மா, அதுக்குத்தான் காத்திருக்கேன்’ என்றேன். அப்புறம் குழந்தை வாயைத் திறந்தது, நாக்கு பின்னால் போனது, குரல்வளைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துளி இறங்கி, காராமணிப் பயறு அளவுக்கு உப்பி நின்றது. அதன் அடிப்பக்கம் வட்டமாக மூடியிருந்தது. நாலைந்து நொடி. பிறகு அப்படியே மேலே சுருங்கி மறைந்தது. ஒரு தடவை பார்த்ததை நான் நம்புவதில்லை. நல்ல உணவுக்குழாயும் விழுங்கும் நேரத்தில் விரிந்து காட்டும், ஆனால் அதில் நீர் கீழே இறங்கிப் போகும். மூச்சுக்குழாயோ எப்போதும் நீர் நிரம்பியே இருப்பதால் பையைப் போலத் தோன்றி ஏமாற்றும். அது கீழே போய் இரண்டாகக் கிளை பிரிகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். ரத்தக்குழாயாக இருக்குமோ என்றால் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் தெரிந்துவிடும். அன்று மூன்று தடவை அதே இடத்தில் அதே பை வந்து போன பிறகுதான் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

இதையெல்லாம் 21 வாரத்தில் செய்ய முடியுமா என்றால், அரிதாகத்தான். பை தெளிவாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னது சரி என்கிறேன், அதோடு நிறுத்திவிடக் கூடாது என்றும் சொல்கிறேன். 28, 32 வாரங்களில் வளர்ச்சி ஸ்கேன் எடுக்கும்போது, ‘முன்பு இரைப்பை சிறியதாக இருந்தது, நீரின் அளவையும் இரைப்பையையும் கழுத்துப் பகுதியையும் பாருங்கள்’ என்று கேட்டுச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். சாதாரண வளர்ச்சி ஸ்கேனில் எடையும் நீரும் அளந்து முடித்துவிடும் வாய்ப்பு அதிகம், யாராவது நினைவூட்டினால்தான் கழுத்துக்குப் போவார்கள். சந்தேகம் நீடித்தால் கருநல நிபுணரிடம் ஒரு தடவை காட்டுவது நல்லது. எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்பார்கள். 28 முதல் 30 வாரத்துக்குப் பிறகு, ஸ்கேனில் ஏற்கெனவே சந்தேகம் வலுத்திருக்கும்போது அது உதவும், அந்தப் பை எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரியலாம். ஆனால் அதுவும் தீர்ப்பு அல்ல. சிறிய இரைப்பை ஒன்றுக்காக மட்டும் இப்போதே எம்.ஆர்.ஐ.க்கு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடைப்பு இருக்கக்கூடும் என்று வலுவாகத் தோன்றினால் அடுத்த வேலை மற்ற உறுப்புகளை ஒன்றுவிடாமல் பார்ப்பது. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேறொரு குறையும் கூடவே வரும். இதயம் முதலில், பிறகு முதுகெலும்பு, சிறுநீரகம், கை எலும்பு, ஆசனவாய். இதயத்துக்குத் தனியாக எக்கோ எடுக்க வேண்டும். 18, 21-வது குரோமோசோம்களில் ஒன்று கூடுதலாக இருக்கும் நிலைகளிலும் இந்த அடைப்பு வருவதால், பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது பற்றியும் அப்போது பேசுவோம். உறவினர்களில் யாராவது கருக்கலைப்புக்கான 24 வாரக் கெடுவைச் சொல்லி அவசரப்படுத்தலாம். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தப்படி, அதற்கு மேல் கடுமையான குறை இருந்தால் மருத்துவ வாரியம்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது உண்மை. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒரு சிறிய இரைப்பை, அவ்வளவுதான். அதை வைத்து அப்படி ஒரு முடிவை நோக்கி நகர்வது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் இது சரிசெய்யக்கூடிய குறை. 1941-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரூன் ஹைட் என்ற அறுவை மருத்துவர் ஒரு பச்சிளம் பெண் குழந்தைக்கு இரண்டு முனைகளையும் ஒரே அறுவையில் நேரடியாக இணைத்துக் காப்பாற்றினார். அதற்கு முன் இப்படிப் பிறந்தவர்கள் பிழைப்பதே அபூர்வம். லண்டனில் குழந்தைகள் அறுவை மருத்துவர் லூயிஸ் ஸ்பிட்ஸ் 1994-ல் வெளியிட்ட கணக்கில், பிறப்பு எடை ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல், பெரிய இதயக் குறையும் இல்லாத குழந்தைகளில் 97 சதவீதம் பேர் பிழைத்தார்கள். இரண்டு பாதகமும் சேர்ந்திருந்தவர்களில் 22 சதவீதம் பேர்தான். அதன் பிறகு நிலைமை இன்னும் மேம்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் தாமதம். பால் கொடுத்து, அது நுரையீரலுக்குள் போய், தொற்றோடு மூன்றாம் நாள் வந்து சேரும் குழந்தைக்கும், பிறந்த அன்றே பால் போகாமல் வந்து சேரும் குழந்தைக்கும் இடையே வித்தியாசம் மிகப் பெரியது. அறுவைக்குப் பிறகும் சில வருடங்களுக்குத் தொல்லைகள் இருக்கும். இணைத்த இடம் சுருங்கினால் விரிக்க வேண்டியிருக்கும், எதுக்களிப்பு வரும், இருமல் கரகரப்பாக இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஸ்கேனில் வந்த சந்தேகத்தால் குழந்தைக்குக் கிடைக்கும் உண்மையான பலன் இந்த முதல் நாள்தான். சந்தேகம் நீடித்தால், குழந்தைகள் அறுவை மருத்துவரும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் நடக்க ஏற்பாடு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்த அறுவை நடக்கிறது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. அடைப்பு மட்டுமே காரணம் என்றால் சிசேரியன் தேவையில்லை. நீர் அதிகமானால் குறைமாதத்தில் வலி வரலாம். பனிக்குடம் உடைந்தால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பிறந்தவுடன் வாய் வழியாகச் சற்றுத் தடிமனான ஒரு ட்யூபை விடுவார்கள். அடைப்பு இருந்தால் ஈறிலிருந்து சுமார் 10 செ.மீ.யில் முட்டி நின்றுவிடும். ஒரு எக்ஸ்ரே எடுத்தால் ட்யூப் மேலேயே சுருண்டு கிடப்பதும், வயிற்றில் காற்று இருந்தால் கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதும் தெரிந்துவிடும். இத்தனை மாதம் ஸ்கேனில் தேடிக் கிடைக்காத பதில் அந்தச் சில நிமிடத்தில் கிடைத்துவிடும்.

அதுவரை குழந்தையின் வாயில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. தாய்ப்பால் மட்டுமல்ல, சேனைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் எதுவும். சேனை வைக்கும் பழக்கத்தை எந்தக் குழந்தைக்குமே நான் ஒப்புவதில்லை. உங்கள் குழந்தைக்கு அது நேராக நுரையீரலுக்குள் போகலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பிரசவத்துக்கு முன்பே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள், வார்டு வாசலில் வைத்துப் பேசினால் எடுபடாது. அடுத்த ஸ்கேன்களில் இரைப்பை இயல்பாகத் தெரிந்து, நீரும் அளவுக்குள் இருந்தாலும்கூட, குழந்தை மருத்துவரிடம் ‘ஐந்தாம் மாதத்தில் இரைப்பை சிறியதாக இருந்தது, முதல் பாலுக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்’ என்று சொல்லுங்கள். அந்த 21 வார ரிப்போர்ட்டைப் பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. அவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.